கண்மாய் ராணியைக் கிள்ளானுக்கு அழைக்கப் போனேன்

மதுரையில் இறங்கியதும் நான் செய்த முதல் வேலை ஆட்டோக்காரரோடு சண்டை போட்டதுதான். ஆனையூர் போகவேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் ஏறினேன். அவரோ மீனாட்சியம்மன் கோயில் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, "சாமியக் கும்பிட்டுட்டு வாங்கக்கா, நா இங்கனயே நிக்கிறேன்" என்றார். கோயிலை யார் கேட்டது? "வெளிநாட்டுல இருந்து வந்தவுக நேரா ஆனையூருக்குப் போகணும்னா எப்பிடிக்கா நம்புறது? கூச்சப்பட்டுச் சொல்றீகன்னு நெனச்சேன்" என்கிறார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் கத்துவது! போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். அதற்குள் எனக்கும் சேர்த்து ஒரு கிளாஸ் பருத்திப்பால் வாங்கி வைத்திருந்தார். சுக்கும் கருப்பட்டியும் மணக்க, இறங்குகிற வழியெல்லாம் தொண்டை சுகப்பட்டது. எங்கள் கிள்ளானில் எத்தனையோ குடித்திருக்கிறேன், இதைக் குடித்ததில்லை.

நான் மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கிள்ளானில் எங்களுக்கு ஒரு நாடக மன்றம் உண்டு. இத்தனை காலம் கோயில் மண்டபத்திலும், சீனப் பள்ளி மண்டபத்திலும் கெஞ்சிக் கெஞ்சி நாடகம் போட்டவர்கள், இப்போது சொந்தமாக ஒரு சின்ன அரங்கம் கட்டி முடித்துவிட்டோம். திறப்பு விழாவில் ஒச்சம்மாள் வந்து 'கண்மாய் ராணி' நாடகம் போடவேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. மதுரைப் பக்கத்தில் மேடையேறி, சொந்தமாக 'மஞ்சணத்தி நாடகக் குழு' என்று தொடங்கி, ஊர் ஊராக நடித்துக்கொண்டிருப்பவர். அந்த நாடகத்தின் ஒளிப்பதிவைப் பார்த்துப் பார்த்து எனக்கு முழு வசனமும் மனப்பாடம். என் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்துப் போட்டியில் பேச வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒச்சம்மாள் தொலைபேசியில் பிடி கொடுக்கவில்லை. முதலில் "பாப்போம்" என்றார். பிறகு "வரலைங்க, மன்னிச்சுக்கங்க" என்றார். காரணம் கேட்டால் வெயிலைப் பற்றிப் பேசினார். "டீச்சர் நேரில் போனால் இல்லையென்று சொல்ல முடியாது" என்று செயலாளர் செல்லையா என்னைக் கிளப்பிவிட்டார். என் வாயின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அதே செல்லையாதான் விழாவில் முன் வரிசை முழுவதையும் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களுக்குப் போட்டுவிட்டு, எனக்கு மூன்றாம் வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி ஒதுக்கியவர். விமானத்தில் வந்த நேரமெல்லாம் அந்தத் தூணை நினைத்துக் கறுவிக்கொண்டே வந்தேன்.

ஆனையூரில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. தெருமுனையில் "நாடகக்காரக்கா வீடு" என்றதும் இட்லி மாவு விற்கும் பெண் கையை நீட்டிவிட்டாள். வாசலில் பழைய வேன் ஒன்று நின்றது. ஒச்சம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க டீச்சர்! போட்டோவுல ஒல்லியாத் தெரிஞ்சீக, நேருல நல்லா இருக்கீக" என்றார். நல்லா இருக்கீக என்பதற்கு இந்த ஊரில் குண்டாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம் என்பது அவர் சிரித்த சிரிப்பிலேயே புரிந்துவிட்டது. அறுபதைத் தாண்டியவர். குட்டையான உருவம். மேடையில் நான் பார்த்த ராணி இவரைவிட ஓர் அடியாவது உயரமாக இருப்பார்.

மாடியில் தகரக் கூரை போட்டு ஒத்திகைக்கான இடம். சுவரில் நீலப் பெயின்டில் பெரிய எழுத்துகள்: 'திரைக்குப் பின்னால் இருந்து யாரும் வசனம் எடுத்துக் கொடுக்கக் கூடாது.' வேறு எந்தக் கட்டளையும் இல்லை. நேரத்துக்கு வரவேண்டும், புகை பிடிக்கக் கூடாது என்றெல்லாம்கூட எழுதவில்லை. எங்கள் மன்றத்துச் சுவரில் இருக்கிற விதிகளைப் படித்து முடிக்கவே ஒரு கோப்பி குடிக்கவேண்டும்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். "செல்வியக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். ராணி வேஷம் அவளும் கட்டுவா" என்றார். செல்வி அங்கேயே நின்றாள். குழுவில் அவருக்கு அடுத்த நடிகை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். "எனக்கு வேணாம், அக்கா வந்தா நான் கூட வாரேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்களுக்கும் நீங்கள்தான் வேண்டும்" என்றேன். "மொதல்ல சாப்பிடுங்க" என்றார் ஒச்சம்மாள். கறிதோசை வந்தது. அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி. எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் இதன் பக்கத்தில் உட்கார வெட்கப்படும். மூன்று சாப்பிட்ட பிறகுதான் அவர் என் கேள்வியிலிருந்து தப்பித்துவிட்டார் என்பது உறைத்தது.

மறுநாள் காலை முழுவதும் இழுத்தடித்தார். தையற்காரரிடம் போகவேண்டும் என்றார், காய்கறி வாங்கவேண்டும் என்றார். நானும் விடவில்லை, கூடவே அலைந்தேன். சாயங்காலம் அவரே, "வாங்க டீச்சர், வண்டியூர்த் தெப்பக்குளத்துல கொஞ்சம் காத்து வாங்குவோம்" என்று கூப்பிட்டார். வேனை ஓட்டியவர் காதர் பாய். மதுரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். ஓட்டுநரும் அவரே, மேடையில் ஆர்மோனியமும் அவரே. போகிற வழியில் ஓரிடத்தில் நிறுத்தி எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கித் தந்தார். "மாஷா அல்லா, வெளிநாட்டு அக்கா ஒரு மூச்சுல குடிச்சுட்டாங்களே!" என்று கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார்.

குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் கூட்டம். பொரி வாங்கிக்கொண்டு நாங்களும் உட்கார்ந்தோம். ஒச்சம்மாள் தானாகவே பேச ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில் கிராமத்து இளவட்டங்கள் திருவிழாவுக்குச் சமூக நாடகம் போடுவார்களாம். ஆண் வேஷமெல்லாம் உள்ளூர்ப் பையன்கள். பெண் வேஷத்துக்கு மட்டும் வெளியிலிருந்து நடிகையை அழைத்து வருவார்கள். அப்படிப் போனவர்தான் இவர். ஒத்திகை கிடையாது. திரைக்குப் பின்னால் ஒருவர் நோட்டைப் பார்த்து வசனம் சொல்லச் சொல்ல, இவர் திருப்பிச் சொல்லவேண்டும்.

"ஒரு ஊருல அந்தாளு வேணுமின்னே தப்புத் தப்பா எடுத்துக் குடுத்தான் டீச்சர். அசிங்கமான பேச்சு. நானும் பாதி சொல்லிட்டேன். சனம் அம்புட்டும் சிரிச்சுச்சு. ஆரம்பிச்ச வசனத்த முடிக்கவும் முடியல, நிறுத்தவும் முடியல. அழுதுகிட்டே நின்னேன். அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். ஒரு பொம்பள மேடையில நின்னு ஒரு வசனத்த ஆரம்பிச்சா, அத அவளே முடிக்கணும். அதுக்குத்தான் சொந்தமாக் குழு."

"அதனால்தான் சுவரில் அந்த எழுத்தா?"

"அதே. எங்க குழுவுல எவளும் இன்னொருத்தர் வாயப் பாத்து நிக்க மாட்டா. படிச்சுட்டுத்தான் மேடையில ஏறணும்."

எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. பிடித்துக்கொண்டேன். பிடித்த கையை அவர் விடவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்: "இப்ப எனக்கு வசனம் நழுவுது டீச்சர்."

வீட்டில் சொன்னால் கடகடவென்று வருகிறதாம். மேடையில் நின்றால் நடுவில் ஓர் இடம் வெள்ளையாகப் போய்விடுகிறதாம். மாலையைச் சரிசெய்வது போல, சிம்மாசனத்தைச் சுற்றி நடப்பது போல ஏதாவது செய்து சமாளித்துக்கொண்டிருக்கிறார். டாக்டரிடம் போனதற்கு, வயதானால் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். "சனங்க அதையும் நடிப்புன்னு கைதட்டுறாக. அந்தக் கைதட்டு காதுல விழுகுறப்ப உசுரே போகுது. நம்ம குழுப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்குக. கடல் தாண்டி வந்து, உங்க புது மேடையில, மொத நாளே நான் முழிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

வெயிலைப் பற்றி அவர் பேசியதெல்லாம் எதற்கு என்று இப்போது தெரிந்தது. திரைக்குப் பின்னால் ஒருவரை நிறுத்திக்கொள்ளலாமே என்று நான் வாயைத் திறப்பதற்குள், "செவுத்துல எழுதுனது எனக்குந்தான் டீச்சர்" என்றார்.

மறுநாள் அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நாடகம். அவர் பிறந்த ஊர். "நாளைக்கு ஒரு எடத்துல நின்னாலும் சரி, வேஷத்த அவுத்துச் செல்வி கையில குடுத்துருவேன். அதோட முடிஞ்சுச்சு. நிக்காம முடிச்சுட்டேன்னா கிள்ளானுக்கு வாரேன். போதுமா?"

போதாது என்று சொல்ல முடியுமா? அன்று ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் வேன் கிளம்பியது. சிம்மாசனம் கூரை மேலே, நாங்கள் கீழே. இரண்டு பக்கமும் கரும்பும் நெல்லும். எங்கள் ஊரில் சாலை ஓரமெல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டம், எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரே இருட்டாக இருக்கும். இங்கே எவ்வளவு தூரத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுவரை தெரிகிறது. அலங்காநல்லூர் தாண்டியதும் வேன் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. காதர் பாய் இறங்கி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "யா அல்லா, இன்னைக்குத்தானா உனக்கு நேரம் கெடச்சுச்சு!" என்றார். அவர் கேட்டது கடவுளையா வேனையா தெரியாது.

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டியவர் கூரை மேலிருந்த சிம்மாசனத்தைப் பார்த்தார். "நம்ம ஒச்சக்கா நாடகமா? கயிறு இருக்காண்ணே?" என்று காதர் பாயிடம் கேட்டுக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். வழியில் ஒரு தொழுவத்தில் கட்டியிருந்த ஜல்லிக்கட்டுக் காளை எங்கள் ஊர்வலத்தை ஏற இறங்கப் பார்த்தது. ஒச்சம்மாள் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. போகிற ஊரில் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சமைக்க விடமாட்டார்கள். ஆளுக்கு ஒரு வீட்டில் சாப்பிடவேண்டும், அந்த வீட்டில் என்ன இருக்கிறதோ அதை. சோறு போட்ட வீட்டுக்காரர்களுக்குத்தான் நாடகத்தில் முன் வரிசை. ஊர்த் தலைவராக இருந்தாலும் சோறு போடவில்லையென்றால் பின்னால்தான். இதைக் கேட்டபோது எனக்குச் செல்லையாவின் தூண் ஞாபகம் வந்தது.

எனக்கு வாய்த்தது முத்துப்பிள்ளை என்ற பெண்ணின் வீடு. வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "கருவாட்டுக் கொழம்புதேன் இருக்கு, வெளிநாட்டு ஆளு சாப்பிடுவீகளா?" என்று தயங்கினார். நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துத் தயக்கம் போய்விட்டது. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க. ஒச்சம்மா சொல்லிருக்கு, டீச்சருக்கு எம்புட்டு வேணும்னாலும் போடுன்னு." மானம் போனது போனதுதான் என்று நானும் போட்டுக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முத்துப்பிள்ளையும் நானும் முன் வரிசை, கோரைப் பாயில். கதை சிக்கலானதல்ல. ராஜா போரில் இறந்துவிடுகிறார். ராணி நாட்டை ஆள்கிறாள். கண்மாய்த் தண்ணீரை யாருக்குத் திறப்பது என்று வழக்கு வருகிறது. வாள் வைத்திருக்கும் பண்ணையார் ஒருபுறம், கண்மாயை வெட்டிய குடியானவர்கள் மறுபுறம். கடைசியில் ராணி தீர்ப்புச் சொல்லவேண்டும்.

ஒச்சம்மாள் மேடைக்கு வந்ததும் உயர்ந்துவிட்டார். எப்படி என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. முதல் காட்சியில் என் விரல்களெல்லாம் இறுகிக் கிடந்தன. இரண்டாவது காட்சியில் கொஞ்சம் தளர்ந்தன. ராஜாவின் தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பேசுகிற இடத்தில் நான் பயத்தை மறந்து அழுதுவிட்டேன். முத்துப்பிள்ளை தன் முந்தானையில் என் முகத்தையும் துடைத்துவிட்டார். ஒரு வார்த்தைகூட நழுவவில்லை. மனதுக்குள் நான் கிள்ளானுக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

தீர்ப்புக் காட்சி. ராணி எழுந்து நின்றாள். "கேளுங்கள்! இந்தக் கண்மாயை வெட்டியது..." என்றாள்.

நின்றாள்.

"பாருங்க, எப்பிடி நிக்கிறா!" என்று முத்துப்பிள்ளை என் காதில் சொன்னார். அந்த இடத்தில் நிற்கிற வழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும், ஒளிப்பதிவை எத்தனை முறை பார்த்தவள்! அவருடைய கை மாலையைத் தேடியது. காதர் பாயின் ஆர்மோனியம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்தது. பண்ணையாரின் மனைவியாக நின்ற செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். குழுவில் ஒருவர் வாயும் அசையவில்லை. சுவரில் எழுதியிருந்ததை அத்தனை பேரும் அப்படிக் காப்பாற்றினார்கள்.

நான் அந்தக் குழுவைச் சேர்ந்தவள் இல்லையே. ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா மேடை ஓரத்தில் நின்று, திக்குகிற பிள்ளைகளுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தே காலம் தள்ளிய வாய் இது. என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"மண்வெட்டி பிடித்த கை!"

வகுப்பறைக் குரல். மந்தையின் அந்தக் கோடிவரை கேட்டிருக்கும். கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! பாய்க்கு அடியில் புகுந்துவிடலாமா என்று இருந்தது.

ராணி மெல்லத் திரும்பினாள். "சபையில் பேசியது யார்?"

எழுந்தேன். "நான்தான்."

"எந்த ஊர்?"

"கிள்ளான்."

"அது எங்கே இருக்கிறது?"

"கடலுக்கு அந்தப் பக்கம்."

ராணி பண்ணையார் பக்கம் கையை நீட்டினாள். "கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குத் தெரிகிறது, கண்மாயை வெட்டியது மண்வெட்டி பிடித்த கை என்று! கரைமேல் குடியிருக்கும் உமக்குத் தெரியவில்லையா? வெட்ட வராத வாள், மடையைத் திறக்க மட்டும் எதற்கு வந்தது?"

மந்தை அதிர்ந்தது. விசில் பறந்தது. கடைசி வரியை இப்படி அவர் இதுவரை சொன்னதே இல்லை. முத்துப்பிள்ளை என் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார். "அடி ஆத்தி! நீங்களும் நாடகக்காரவுகதானா? கொழம்பு ஊத்துறப்பச் சொல்லவே இல்லையே!"

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போக எனக்குத் தைரியம் வரவில்லை. செல்விதான் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகும்போதே அழுதாள். "எனக்கு அந்த வசனம் தெரியும் டீச்சர். வாய் வரைக்கும் வந்துச்சு. அக்கா போட்ட சட்டம், நான் எப்பிடி..." அவள் தோளை அணைத்துக்கொண்டேன்.

ஒச்சம்மாள் பாதி அவிழ்த்த வேஷத்தோடு ட்ரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, தேங்காயெண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராணியின் கிரீடம் அவர் மடியில் இருந்தது. ஆர்மோனியத்தைத் துணியால் மூடப் போன காதர் பாய் மூடாமலே நின்றுகொண்டிருந்தார்.

"நின்னுட்டேன்ல" என்றார் ஒச்சம்மாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "நின்றால் என்ன? அதற்கப்புறம் நடந்தீர்களே! அந்தக் கடைசி வரியை யார் உங்களுக்கு எடுத்துக் கொடுத்தார்கள்? நானா? எனக்கே தெரியாத வரி அது. ஆரம்பித்ததை நீங்கள்தானே முடித்தீர்கள்? உங்கள் சட்டத்தை நான் மீறிவிட்டேன். தப்புதான். திட்டுங்கள். அதற்காகக் கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள் அக்கா."

அவர் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு பாதி ராணி, ஒரு பாதி ஒச்சம்மாள்.

"எங்க மீறுனீக? திரைக்குப் பின்னால இருந்து எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னுதான எழுதிருக்கேன். நீங்க முன்னால இருந்துல்ல சொன்னீக."

அவரே தொடர்ந்தார். "பின்னால இருந்தவன் என்னைய அழ வச்சான். அவன் மூஞ்சி எனக்குத் தெரியல. இன்னைக்கு உங்க மூஞ்சி தெரிஞ்சுச்சு டீச்சர். பேய் அறஞ்ச மாதிரி இருந்துச்சு." சிரிக்க ஆரம்பித்தார். செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். காதர் பாய் ஆர்மோனியத்தை மூடிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒச்சம்மாள் கிரீடத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் தானே வைத்தார். "கிள்ளானுக்கு வாரேன். ஆனா நீங்க எனக்கு நேரா, முன் வரிசையில உக்காரணும். அங்கிட்டு இங்கிட்டு ஓடக்கூடாது. நான் நின்னா எனக்கு உங்க மூஞ்சி தெரியணும்."

சரி என்று தலையை ஆட்டினேன்.

மேடைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து செல்லையாவைத் தொலைபேசியில் எழுப்பினேன். அங்கே நல்ல தூக்க நேரம். "வருகிறார்" என்றதும் கத்தினார். கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "முன் வரிசையில நட்ட நடு நாற்காலிய என் பேருக்கு எழுதிக்குங்க" என்றேன்.

"டீச்சர், அது டத்தோவுக்குப் போட்டாச்சே..."

"டத்தோவுக்கு வசனம் தெரியுமா?" என்று கேட்டேன்.